ஒரு தீப்பொறியும் ஒரு திருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். பிறர் விடும் பிழைகளைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கெட்டித்தனம் உண்டென்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் அந்த நம்பிக்கையைக் கலைத்த கதையை இன்று வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எங்கள் பெரியண்ணர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். 1962இல் அவர் பாவித்த நிலையில் வாங்கிய வண்டி பி.எஸ்.ஏ. பாண்டம் டி1. 123 சீ.சீ. கொள்ளளவு, இரட்டை வீச்சு இயந்திரம். பெற்றோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்றவேண்டும். பாண்டம் என்பது ஒரு குட்டைச் சாதிக் கோழியின் பெயர். வண்டியும் அப்படித்தான்: சிறியது, ஆனால் கூவினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இந்த வண்டிக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெறப்பட்ட டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற வண்டியின் வடிவமே இதற்கு மூலம். அதே வடிவத்தை ருசியரும் அமெரிக்கரும் தத்தம் நாடுகளில் எடுத்தாண்டனர். பிரித்தானியர் 1948இல் தம் வண்டியை வெளியிட்டபோது, கியர் மிதி வலக்காலுக்கு வரவேண்டும் என்பதற்காக இயந்திரத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி அமைத்துக்கொண்டனர். ஈய எழுத்துக்களை இடவலம் மாறி வாசித்துப் பழகிய எனக்கு இந்தச் செய்தி எப்போதும் ஒரு புன்னகையைத் தரும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் வராமற் போயின. துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. பற்றறி இல்லாமல் எத்தனையோ வாகனங்கள் முடங்கின. அண்ணரின் பாண்டம் முடங்கவில்லை. அதன் தீப்பொறிக்குப் பற்றறி தேவையில்லை. பிளைவீலில் உள்ள காந்தமே சுழன்று மின்னைப் பிறப்பிக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், அந்த வண்டியில் மூட்டைகளைக் கட்டி, தள்ளிக்கொண்டே போனார் அண்ணர். மறுவருடம் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்.

அண்ணர் காலமானபின் வண்டி என்னிடம் வந்தது. பல ஆண்டுகள் கொட்டிலில் நின்ற வண்டி. ஆட்டைத்திவசத்துக்கு அவருடைய மகள் இலண்டனிலிருந்து வருவதாக அறிவித்திருந்தாள். “அப்பாவின்ரை வண்டிச் சத்தத்தை ஒருக்கால் கேக்கவேணும் சித்தப்பா” என்றாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதலில் நானே களத்தில் இறங்கினேன். இயந்திரத்தின் இடப்புறத்துச் சிறிய மூடியைத் திறந்தால் பொயின்ற் தெரியும். அதன் முகங்கள் வெளிறிப் பூத்திருந்தன. கழற்றி, நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டி, மூடியையும் போட்டுவிட்டேன். பின்னர், பெற்றோல் தாங்கியையும் காபரேற்றரையும் துப்பரவாக்கித் தருமாறு எங்கள் ஊரிலுள்ள ஓர் இளம் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தேன். இரண்டு நாட்களில் கொண்டுவந்து தந்தான். கூலி 2,000 ரூபாய்.

வண்டி இயங்கவில்லை. பிளக்கைக் கழற்றி, அதன் உடலை இயந்திரத்தின் தலையில் முட்டவைத்து, மங்கிய வெளிச்சத்தில் உதைத்துப் பார்த்தேன். பொறி இல்லை. புதிய பிளக் போட்டேன். இல்லை. பிளக் மூடியையும் நீக்கி, வயரின் நுனியை உலோகத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

அந்த நாட்களில் யாரோ ஒருவர் சொன்னார், பழைய பிரித்தானிய வண்டிகளின் உதிரிப்பாகங்களுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை என்று. அவ்வளவுதான். என் மனத்தில் தலைப்புச் செய்தி தயாராகிவிட்டது. பொறி இல்லை, ஆகவே கொயில் பழுது. அண்ணர் காலத்தில் நன்றாக இருந்த கொயில். ஆகவே யாரோ மாற்றிவிட்டார்கள். வண்டி யாரிடம் இருந்தது?

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நேரடியாகக் கள்ளன் என்று சொல்லவில்லை. “இதிலை இருந்த கொயில் எங்கை?” என்று மட்டும் கேட்டேன். அதற்கு வேறு பொருள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“அந்த மூடியை நான் திறக்கவே இல்லை ஐயா. ராங்கும் காபரேற்றரும்தான் கழட்டினனான்” என்றான். போய்விட்டான். மறுநாள் காலை, வாசலில் ஒரு கடித உறை. உள்ளே 2,000 ரூபாய்.

அந்தப் பணத்தை நான் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன் என்பதை வெட்கத்துடன் இங்கே எழுதுகின்றேன். இங்கிலாந்திலிருந்து ஒரு கொயிலுக்கு ஓடர் கொடுத்தேன். அது வருமுன் புதிய கண்டென்சர் ஒன்றை வாங்கி நானே பூட்டினேன். பயனில்லை.

கடைசியில், ஒரு காலத்தில் கராச் வைத்திருந்த, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் வண்டியைத் தொடவில்லை. வாங்கில் இருந்துகொண்டு கேட்டார்:

“தம்பி, நெருப்பு ஏன் வரேல்லை எண்டு பிறகு பாப்பம். முதலிலை இதிலை கை வைச்சது ஆர்?”

“நான்தான். பொயின்றைத் துப்பரவாக்கினனான்.”

“பூட்டினாப் பிறகு உதைச்சு, பொறி வருதோ எண்டு பாத்தனீரோ?”

நான் பேசவில்லை. பார்க்கவில்லை என்பதே உண்மை.

அதன்பின் அவர் செய்தது பத்து நிமிட வேலை. கொயிலிலிருந்தும் கண்டென்சரிலிருந்தும் வரும் வயர்களைப் பொயின்றிலிருந்து கழற்றினார். பொயின்றின் இரு முகங்களுக்கிடையே ஒரு கடதாசித் துண்டைச் செருகினார். ஒரு ரோச் பற்றறி, ஒரு சிறு பல்ப், இரண்டு வயர். ஒரு நுனியைப் பொயின்றின் வில்லிலும் மறுநுனியை இயந்திரத்தின் உடலிலும் வைத்தார். கடதாசி தடுத்து நிற்கும்போது பல்ப் எரியக்கூடாது. எரிந்தது.

அதன் பொருள் இதுதான். காந்தம் சுழலும்போது கொயிலின் முதற் சுற்றில் மின்னோட்டம் பிறக்கிறது. பொயின்ற் விலகும் கணத்தில் அந்த ஓட்டம் சட்டென்று அறுபடுகிறது. அறுபடும் அந்த அதிர்ச்சியே இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ற்றாக எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. வில்லைத் தாங்கும் ஆணியில் மெல்லிய பைபர் வாசர்கள் உண்டு. அவை வில்லை உடலிலிருந்து பிரித்து வைப்பவை. அவற்றில் ஒன்றை நான் வரிசை மாற்றிப் போட்டிருந்தேன். பொயின்ற் கண்ணுக்குத் திறந்து மூடியது. மின்னுக்கோ அது எப்போதும் மூடியே இருந்தது. ஓட்டம் அறுபடவே இல்லை. எவ்வளவு நல்ல கொயிலும் அங்கே என்ன செய்யும்? கண்டென்சரை மாற்றியபோதும் அதே பிழையான வரிசையில்தான் பூட்டியிருந்தேன்.

பெரியவர் வாசரை இடம் மாற்றினார். வயர்களைப் பூட்டி, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக அளந்து வைத்தார். உதைத்தேன். பிளக்கின் நுனியில் நீலப் பொறி ‘டிக்’ என்றது.

நான் 1970களில் கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதற் பாடம் ஒன்று உண்டு. திருத்திய வரியை மீண்டும் வாசி. அதற்கு மேல் வரியையும் கீழ் வரியையும் வாசி. ஓர் எழுத்தைத் திருத்தப்போய் அச்சுக்கோப்பவர் இன்னோர் எழுத்தை இடறிவிடுவார். வரியே தலைகீழாக மாறிப் போவதும் உண்டு. பழைய பிழையைவிடத் திருத்தத்தில் புகும் பிழை ஆபத்தானது, ஏனென்றால் அந்த இடம் சரிபார்த்தாயிற்று என்று எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். நாற்பது ஆண்டுகள் மற்றவர்களுக்கு இதைப் போதித்தவன், தன் கையால் திருத்திய வரியை வாசிக்காமல் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கின்றேன்.

அன்று மாலையே அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன். பத்திரிகைகள் குற்றச்சாட்டை முன்பக்கத்தில் கொட்டை எழுத்திலும், வருத்தத்தை உட்பக்க மூலையிலும் அச்சிடும். அப்படிச் செய்யக்கூடாது என்று எண்ணி, அவனுடைய தாயும் தகப்பனும் இருக்கும் விறாந்தையில் வைத்தே சொன்னேன்: “பிழை என்னுடையது. கொயில் அதே கொயில்தான். உன்னைச் சந்தேகப்பட்டது என்ரை குற்றம்.” உறையை நீட்டினேன். அவன் உடனே வாங்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தபின் வாங்கிக்கொண்டான்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவன் கேட்டான்:

“காபரேற்றர் சரியா வேலை செய்யுதோ ஐயா? சிலோவிலை நிண்டு ஓடுதோ?”

“ஓடுது தம்பி” என்றேன்.

திவசத்தன்று அண்ணரின் மகளுக்காக வண்டியை உதைத்து இயக்கியவன் அவன்தான். இங்கிலாந்திலிருந்து வந்த கொயில் பெட்டி பிரிக்கப்படாமல் என் மேசை இலாச்சியில் கிடக்கிறது. அதை விற்கச் சொல்கிறார்கள். இருக்கட்டும் என்று வைத்திருக்கின்றேன்.