வடசேரித் தலைசாமான்

நாகர்கோவிலுக்கு வருவோர் பலர் வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குமரிமுனைக்கு வேறு பஸ் தேடுவார்கள். சென்ற மாதம் நாம் அப்படிச் செய்யவில்லை. கனகமூலம் சந்தையின் இரைச்சலைத் தாண்டி, கோயில் நகை செய்யும் ஓர் ஆசாரியாரின் வீட்டை நாடிப் போனோம். நமது சகோதரியின் மகளுக்கு அரங்கேற்றம், தலைசாமான் வேண்டியிருந்தது.

ஆதியில் இந்நகைகள் தெய்வத் திருமேனிகளுக்கும் கோயிலில் ஆடிய தேவதாசியருக்கும் உரியவை. 1930-களில் சதிர், பரதநாட்டியம் என்ற பெயருடன் சபா மேடை ஏறவே, கெம்பு நகையும் கூடவே ஏறிற்று. இன்று கொழும்பிலோ டொராண்டோவிலோ ஒரு தமிழ்ப் பெண் சலங்கை கட்டினால் வடசேரிக்கு வேலை பிறக்கக்கூடும். போலி நகை முந்திக்கொள்ளாதிருந்தால்!

வேலையின் நுட்பம் காணத்தக்கது. வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புகளைப் பதித்து, கற்களைச் சுற்றித் தங்க ரேக்கை மெல்ல ஒற்றுகிறார்கள். சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம் என்று எத்தனை உருப்படிகள்! புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அச்சில் வார்த்து முலாம் பூசிய மலிவுச் சரக்குக்கு அதைப் பற்றி என்ன கவலை?

"மகன் எங்கே, ஆசாரியாரே?" என்றோம். அவன் நம்மிடம் படித்தவன்.

"பெங்களூரில், ஸார். கெட்டிக்காரப் பையன், பட்டறையில் உட்கார்த்தி வைக்காதீர்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொன்னது உண்மைதான். அவர் குறையாகக் கூறவில்லை; நன்றியாகவே கூறினார். அதுதான் நம்மைச் சுட்டது.

ஜன்னலோரம் அவருடைய மகள் குனிந்து கல் பதித்துக் கொண்டிருந்தாள். அவளும் நம் பள்ளியில் படித்தவளாம். நமக்கு நினைவில்லை.

"எனக்குக் கண் மங்கிவிட்டது. இனி எல்லாம் அவள்தான். இருபது நாள் கொடுங்கள், ஸார்" என்றார்.

முன்பணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.