டீச்சருக்குத் தெரியாத பிள்ளை

பள்ளிக்கூட ரேங்க் கார்டு ஏதாவது இருந்தால் எடுத்து வரச் சொன்னார் மனநல டாக்டரம்மா. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் 46 வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? ஏடிஹெச்டி (கவனச் சிதறல், மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று முடிவு கட்ட, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டுமாம்.

கார்டு கிடைக்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். “நீ எங்க கண்ணு வம்பு பண்ணுனே? ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பே. டீச்சருக்கு நீ இருக்கறதே தெரியாது.”

டாக்டரம்மா அதைத்தான் குறித்துக்கொண்டார். அதுவே அறிகுறி என்றால் இத்தனை வருடம் ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை? பழைய சங்கதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பலரும் கதையைத் தொடங்குவது 1902இல், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ஆற்றிய உரைகளிலிருந்து. அடங்காத, முரட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை அவை. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்த 30 பிள்ளைகளில் 21 பேர் பையன்கள். பின்னாளில் இந்தக் கோளாறுக்கு மருந்தான ரிட்டாலினை 1944இல் உருவாக்கிய லியாண்ட்ரோ பனிசோன், மனைவி மார்கரிட்டின் செல்லப்பெயரான ரீட்டாவிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். டென்னிஸ் ஆடப்போகும் முன் அந்த அம்மாள் ஒன்று போட்டுக்கொள்வாராம். ஆக, மாத்திரையின் பெயரிலாவது ஒரு பெண் இருந்தாள்.

1968இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் இந்தக் கோளாறு ஏறியபோது, ஒரு இடத்தில் நிற்காத குழந்தையின் நோயாகவே ஏறியது. துறுதுறுப்பில்லாமல் கவனம் மட்டும் சிதறலாம் என்று எழுத 1980 ஆனது. என்னிடம் கேட்ட 12 வயதுக் கணக்கு 2013இல் வந்தது. அதற்கு முன் 7 வயது. வகுப்பைக் கலைத்தவனை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சத்தமில்லாமல் இருந்தவளை எதற்குக் கூட்டிப் போவார்கள்? பிள்ளை பட்ட பாட்டைவிடச் சுற்றியிருந்தவர்கள் பட்ட பாடுதான் கணக்கில் ஏறியிருக்கிறது.

என் யூனிட்டில் ஓவர்லாக் மெஷினின் ஊசி மழுங்கினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நாளைக்குச் சரக்கு கிளம்ப வேண்டுமென்றால் செக்கிங் டேபிளில் விடிய விடிய நிற்பேன், அலுப்பே தெரியாது. ஆனால் 20ஆம் தேதி போடவேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்றால், நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறுவது தெரிந்தும் லேப்டாப்பைத் திறக்கக் கை வராது.

இதே மாதிரித் தலையுள்ள ஆண் முதலாளிகள் சிலரை எனக்குத் தெரியும். நன்றாகவே இருக்கிறார்கள். ஈபி பில், பிள்ளைகளின் ஃபீஸ், மாமியாரின் சுகர் மாத்திரை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். என் வீட்டில் அந்த ஒருத்தியும் நானே. வருடக்கணக்காக ரிட்டர்ன் தவறியது யாரையும் உறுத்தவில்லை. மாமியாரின் மாத்திரை தீர்ந்துபோனதும்தான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது.

இப்போது ரிட்டர்ன் வேலை ஆடிட்டர் ஆபீஸ் பெண்ணிடம். மாதம் பிறந்ததும் பில்களைக் கேட்டு அவளே வந்து நிற்கிறாள். ஈபி பில்லை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். முதல் பில்லையே கடைசித் தேதி தாண்டித்தான் கட்டினார். வேலை மும்முரம் என்றார். அவரை யாரும் டாக்டரிடம் போகச் சொல்லவில்லை.