புள்ளி போடுமுன்

கற்பிட்டி

அன்புள்ள தங்கச்சிக்கு,

மன்னாரில் உன் பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளின் பௌதிகவியல் செயற்றிட்டங்கள் இந்த முறை உன் கைக்கு வருகின்றன, எப்படிப் புள்ளி போடுவது என்று கேட்டிருந்தாய். நோக்கம், முறை, பெறுபேறு, முடிவு என்று பிரித்த புள்ளித்திட்டம் உன்னிடம் இருக்கும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை தன் கையால் எதை அளந்தது என்பதை முதலில் தேடிப் பிடி. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

போன தவணை இங்கே ஒரு பையன் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டான். நம் ஊரின் கிடப்பு உனக்குத் தெரியும்தானே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாம் குடிப்பதும் அதுதான், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பதும் அதுதான். நன்னீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1000 கிலோகிராம், கடல்நீருடையது ஏறத்தாழ 1025. அந்த 25தான் நம் குடிதண்ணீரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே 40 மீற்றர் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைக்கும். கீபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் ஐரோப்பியக் கடலோரங்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. மேலே 10 சென்ரிமீற்றர் இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு 4 மீற்றர் ஏறி வரும். பம்ப் வைத்து இரவு பகலாக இறைக்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

அவன் ஒரு ஸ்ட்ரோவின் அடியை அடைத்து, வலையில் கட்டும் ஈயத்தை உள்ளே போட்டுத் திரவமானி செய்தான். கடல்நீரிலும் களப்பு நீரிலும் அது நன்றாக மேலே எழும்பியது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஒரே இடத்தில்தான் நின்றது. ஒரு கிணறு நாக்கில் வைத்தாலே கரிக்கும், இன்னொன்று இனிக்கும். இருந்தும் ஸ்ட்ரோ அசையவில்லை. “இந்தக் கிணறுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை என் கருவியால் காட்ட முடியவில்லை” என்று முடிவில் எழுதி, வாசிப்புகளை அப்படியே விட்டிருந்தான்.

பக்கத்தில் இருந்த ஆசிரியர் ஒருவர், பெறுபேறு வரவில்லையே, புள்ளியைக் குறைக்கலாம் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீயே கணக்குப் பார். லீற்றருக்கு 2 கிராம் உப்புக் கூடினால் அடர்த்தி ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் கூடும். 10 சென்ரிமீற்றர் அமிழ்ந்த ஸ்ட்ரோ அதற்கு எழும்புவது 0.15 மில்லிமீற்றர். அடிமட்டத்தில் யாருக்கு அது தெரியும்? பையன் சொன்னது சரியான பெறுபேறு. அவனைக் கூப்பிட்டு, இதை எப்படித் திருத்துவாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, அடியில் சின்னப் போத்தலும் மேலே மெல்லிய குழாயும் வைத்தால் கூட எழும்பும் சேர் என்றான். அந்தத் தவணை நான் போட்ட ஆகக்கூடிய புள்ளி அவனுக்குத்தான்.

இன்னொரு பிள்ளை சோளகக் காற்றை அளந்தது. கிண்ணங்கள் சுழலும் கருவியை வாப்பாவின் ஓட்டோவில் கட்டி, காற்று எழும்ப முன், விடியப்புறம், பாலாவி வீதியில் ஒரே வேகத்தில் போயும் வந்தும் அளவுத்திருத்தம் செய்திருக்கிறாள். ஏன் இரு திசையிலும் என்றேன். மிச்சமிருக்கிற காற்று ஒரு தரம் கூட்டும், மறுதரம் குறைக்கும், சராசரியில் போய்விடும் என்றாள். அதைவிட, வலு வேகத்தின் கனத்துக்கு விகிதசமன் என்று படித்ததை அவள் பிடித்த விதம்தான் என்னை அசத்தியது. காற்று பாதி நேரம் செக்கனுக்கு 4 மீற்றரும் பாதி நேரம் 8 மீற்றரும் வீசினால் சராசரி 6, அதன் கனம் 216. ஆனால் 64ஐயும் 512ஐயும் சராசரி எடுத்தால் 288. சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணித்தால் கிடைக்கும் சக்தியில் காற்பங்கை விட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தாள். மாம்புரிக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளை.

வரைபில் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் குந்தியிருந்தால் கவனி. கள்ளம் என்று சொல்லி எடுத்தவுடன் பிள்ளையை நோகடிக்காதே. வாசிப்பை முதலில் குறித்த கொப்பியைக் கேள். அழித்ததும் வெட்டியதும் ஈரம் பட்டதுமாக இருக்கும் கொப்பி நல்ல கொப்பி. கொப்பி இல்லையென்றால் கருவியைக் கையில் கொடுத்து ஒரேயொரு வாசிப்பை உன் முன்னால் எடுக்கச் சொல். அளந்த பிள்ளையின் கை தானாகப் போகும், எழுதி வாங்கிய பிள்ளை உன் முகத்தைப் பார்க்கும்.

காசு கொடுத்துச் செய்வித்த மாதிரிகளும் வரும், மின்குமிழ் எரியும், பளபளவென்ற அட்டை இருக்கும். அழகுக்குப் புள்ளி போடாதே. மீன் வாடியில் வேலைசெய்துவிட்டு இரவில் எழுதும் பிள்ளை உன் வகுப்பிலும் இருக்கும், அதன் தாள் கசங்கித்தான் இருக்கும். குழுவாகச் செய்தால் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. அடர்த்தி என்ற சொல் வராமல் “உப்புத் தண்ணி பாரம் சேர்” என்று பிள்ளை சொன்னால் அதற்காக வெட்டாதே. என்ன விளங்கியிருக்கிறது என்று இன்னொரு கேள்வி கேட்டுப் பார்.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனை. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற்று, உன் பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. ஒரே அளவில் கருவி செய்து, வைகாசி பிறந்ததும் அங்கும் இங்கும் ஒரே நேரத்தில் காற்றை அளக்க வைப்போமா? இங்கே காற்றை அளந்த அந்தப் பிள்ளை வரைந்த கருவியின் படத்தை அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் அதிபர் சம்மதித்தால் சொல், அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம் சொல்.

அன்புடன்,
நானா