கல்லணை முதல் தரங்கம்பாடி வரை: தண்ணீரோடு ஒரு சைக்கிள் பயணம்

சில ஆண்டுகளுக்கு முன் கேள்வி-பதில் பகுதிக்குக் கடைமடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "கல்லணையில் தண்ணீர் திறந்ததை டிவியில் காட்டுகிறார்கள். நெல்லும் பூவும் தூவுகிறார்கள். எங்கள் வாய்க்காலுக்கு மட்டும் அது வந்துசேர ஏன் இத்தனை நாள் ஆகிறது?" என்று கேட்டிருந்தார். ஆற்று மணல் முதலில் குடிக்கும், கிளை ஆறுகளுக்குப் பிரிக்க வேண்டும், முறை வைத்து விடுவார்கள் என்று நாலு வரியில் பதில் எழுதினேன். தவறான பதில் இல்லை. ஆனால் முப்பது வருடமாக டெல்டாவில் வேலை பார்த்தும், அந்தத் தண்ணீர் போகும் பாதையை முழுசாக நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஜீப்பில் போனவனுக்கு வட்டாரம்தான் தெரியும், ஆறு தெரியாது.

அடுத்த ஜூன் மாதம், கல்லணை திறந்த மூன்றாம் நாள் காலை, ஐந்து நாள் விடுப்பு போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். கியர் இல்லாத சாதாரண சைக்கிள். கேரியரில் ஒரு பை, இரண்டு தண்ணீர் பாட்டில், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஒரு குடை. அவ்வளவுதான்.

வழி தேட வேண்டியதில்லை. கல்லணையிலிருந்து பூம்புகாருக்கு ஒரு மாநில நெடுஞ்சாலை இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை என்று பெரும்பாலும் காவிரியை ஒட்டியே போகும். மேடு பள்ளம் இல்லாத சமவெளி. ஐம்பதைத் தாண்டிய கால்களுக்கு இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் கிடையாது.

முதல் நாள் விடியலில் கல்லணை மேல் நின்றேன். இங்கே தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். கரிகாலன் பெயரைச் சொல்லும் அணை பழையது. மூன்றாவதாகச் சொன்ன கால்வாய் 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதைப் 'புது ஆறு' என்கிறார்கள். வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம் வாங்கிக்கொள்ளும். பாசனம் மற்ற மூன்றுக்கும் உரியது. மதகு வழியே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்தால், இது எந்த வயலுக்கும் போதாமல் போகும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. அங்கிருந்து திருவையாறு வரை சாலையின் இருபுறமும் வாழை. காலை எட்டு மணிக்குக்கூட நிழல் குளிர்ந்து கிடக்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்துப் படித்துறையில் கால் நனைத்து உட்கார்ந்தேன். தை மாதம் ஆராதனைக்குக் கூட்டம் நிறையும் இடம். ஆனியில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் வெயில் சைக்கிளுக்கு ஆகாது. அங்கேயே தங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகச் சுவாமிமலை. வழியெல்லாம் கொடிக்கால். கும்பகோணம் வெற்றிலை என்று நாம் வாங்குவது இந்தப் பக்கத்து வண்டலில் விளைவது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின் மேல் பூசுவதும் இதே காவிரி வண்டல்தான். பட்டறை வாசலில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பிடி மண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். மாவு போல் இருந்தது. "நகக்கண்ணு கோடுகூட இதுல பதியும் சார்" என்றார். மண் பரிசோதனைக்கு எத்தனையோ மாதிரி எடுத்தவன் நான். இந்த மண்ணின் அருமையைச் சிற்பி சொல்லிக் கேட்டேன்.

சுவாமிமலையைத் தாண்டி, கும்பகோணத்துக்குள் நுழையுமுன் ஒரு பாலத்தில் நின்றபோதுதான் அது நடந்தது. மேற்கே தண்ணீர். கிழக்கே வெறும் மணல். நடுவில் தண்ணீரின் முனை நகர்ந்துகொண்டிருந்தது. நுரை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, குழந்தை தவழ்கிற மாதிரி வந்தது. ஒரு குழியைக் கண்டால் நின்று நிரப்பிவிட்டு அப்புறம்தான் அடுத்த அடி. மணல் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் பாலத்தின் மேல் கேட்டது. வெடிப்பிலிருந்து ஓடிவரும் பூச்சிகளைக் கொக்குகள் வரிசையாக நின்று கொத்தின. அரை மணி நேரம் பார்த்தேன். பக்கத்தில் நடந்துபோன ஒரு பாட்டி தண்ணீரை முந்திவிட்டார்.

நாலு வரியில் நான் எழுதிய பதில் என் கண்முன்னால் தவழ்ந்துகொண்டிருந்தது. அரசலாறு, மண்ணியாறு, வீரசோழன் என்று காவிரி வழிநெடுகப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக்கொண்டே போகிறது. மணல் அள்ளி அடிமட்டம் இறங்கிய இடங்களில், தலைப்பு மதகின் வாயைத் தொடும் அளவுக்கு மட்டம் ஏற வேண்டும். அதற்கே நேரம் போகிறது.

மூன்றாம் நாள் நான் தண்ணீரை முந்திவிட்டேன். அன்று காலை முதலில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். உலகப் பாரம்பரியச் சின்னம். உள்ளங்கை அகலக் கல்லில்கூட ஓர் உருவம் இருக்கும். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பிறகு திருவிடைமருதூர் தாண்டி ஆடுதுறை. 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். ஆடுதுறை 36, 43, 45 என்று நீங்கள் விதைக்கும் குறுவை ரகங்கள் இங்கிருந்து வந்தவை. சுமார் 110 நாள் வயது. இந்த 110 என்ற எண்ணை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அன்று அதை வேறு மாதிரி கணக்குப் போட்டேன்.

குத்தாலம் தாண்டியதும் ஒரு டீக்கடை. சைக்கிளையும் பையையும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் கேட்டார்: "எங்கேருந்து வர்றீங்க தம்பி?"

"கல்லணையிலேருந்துங்க ஐயா."

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "அப்போ பாத்திருப்பீங்களே. தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

கும்பகோணம் தாண்டியிருக்கும் என்றேன். ஒருவர் விரல் விட்டு எண்ணினார். இன்னொருவர், "எங்க வாய்க்காலுக்கு வர இன்னும் ஒரு வாரம்" என்றார். அதற்குப் பின் மயிலாடுதுறை வரையிலும், மறுநாள் பூம்புகார் வரையிலும் இதே கேள்வி. ஊர் எது, பேர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்றே கேட்டார்கள்.

நான்காம் நாள் மேலையூர் கடையணை. காவிரியின் கடைசிக் கதவணை. அதன் மேல் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியிடம் பேசினேன். இரண்டரை ஏக்கர். போர் போட்டால் உப்பு. ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் நாற்று. "ஜூன் 15-க்குள்ள நாத்து விடணும்னு நோட்டீஸ் குடுக்குறாங்க சார். எதை வச்சு விடறது? ஜூலை பாதியில விட்டா, அறுப்பு ஐப்பசி மழையில மாட்டுது. போன தடவை முளைச்ச நெல்லைத்தான் அறுத்தோம்" என்றார்.

அந்த நோட்டீசைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மேல இருக்கறவங்களுக்கு அது சரிதான் சார்" என்றார். அது எனக்குக் கோபத்தைவிடக் கனமாக இருந்தது. மேல்மடையில் பத்து நாள் தாமதம் என்பது பத்து நாள்தான். கடைமடையில் அது ஒரு போகம்.

பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரியைப் பார்த்திருக்கிறீர்களா? மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலும். நம் காவிரி முக்கொம்புக்கு மேலே அகண்ட காவிரியாக இருந்து, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கடலுக்கு ஒரு வாய்க்கால் அகலத்தில் வந்து சேர்கிறது. இந்தக் கரையிலிருந்து கல்லெறிந்தால் அந்தக் கரையில் விழும். பக்கத்துக் கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது, செங்கல்லில் கட்டிய பழைய படகுத்துறை கிடைத்தது. கப்பல் சரக்கு இறங்கிய துறைமுகம் இது. ஆறு இடம் மாறும், மெலியும் என்பதற்கு அந்தச் செங்கல்லே சாட்சி.

ஐந்தாம் நாள் ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. எதிர்க்காற்று. சில இடங்களில் இறங்கித் தள்ளினேன். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்த சீகன்பால்கு இங்கே தமிழ் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானதும் இந்த ஊரில்தான். கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடல் அரிக்கப் பல காரணம் உண்டு. ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மணல் குறைவதும் அதில் ஒன்று. ஆறு வராத கரையைக் கடல் தின்னும். உப்பு நிலத்துக்குள்ளும் ஏறும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தை, மாசி மாதங்கள்தான் பயணத்துக்கு நல்லது. வெயிலும் குறைவு, வயலில் அறுப்பும் பார்க்கலாம். காலை ஐந்து முதல் பத்து வரை மிதித்தால் ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர் சிரமமில்லை. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார் என்று தங்க ஊர் இருக்கிறது. கும்பகோணம்-மயிலாடுதுறை சாலையில் பேருந்து அதிகம், பிள்ளைகளோடு போனால் ஓரம் கவனம். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். திரும்புவதற்கு மயிலாடுதுறையில் ரயில் ஏறலாம்.

ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அலுவலகக் கூட்டத்தில், நாற்றுவிடும் தேதியை மேல்மடைக்கும் கடைமடைக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று பேசினேன். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில், நல்ல தண்ணீர் உள்ள ஒருவர் வயலில் நாலைந்து பேர் சேர்ந்து சமுதாய நாற்றங்கால் போடலாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தேதி மட்டும் இரண்டாகப் பிரிந்தது.

மேல்மடை விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. வயல் நிறைந்த பிறகும் ராத்திரி முழுக்க மடையைத் திறந்து போடுகிறோமே, அந்தத் தண்ணீர் வடிகாலில் வீணாக ஓடுகிறது. படுக்கப் போகுமுன் ஒரு மண்வெட்டி மண் போட்டு மடையை அடைத்துவிடுங்கள். கீழே ஒரு டீக்கடையில் நாலு பேர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.