வைக்கோல் யோசனை

தஞ்சைப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அத்தான், வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டார். கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் சொன்னேன்.

உலர்ந்த தீவனத்தில் ஈரம் நூற்றுக்கு 20ஐத் தாண்டினால் கட்டுக்குள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். சோளத்தட்டையைப் பச்சையாகக் குழியில் பதப்படுத்துவதானால் ஏறக்குறைய 65 இருக்க வேண்டும்; பொடியாக நறுக்கி, நன்றாக அழுத்தி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். அதற்குக் கட்டும் இயந்திரம் உதவாது. நறுக்கும் இயந்திரம் வேண்டும்.

தை அறுவடையில் வெயில் காயும். குறுவை வைக்கோலோ ஐப்பசி மழையில் நனையும். அப்போது இயந்திரம் கொட்டகையில் சும்மா நிற்கும். கடனுக்கு வட்டி சும்மா நிற்காது.

அத்தான் வீட்டில் மாடு நான்கு. கட்டுக்கு இவ்வளவு என்று வாடகைக்கே இயந்திரம் வருகிறதே! சொந்த இயந்திரம் வந்து, அதன் கடனுக்காக மாடு போய்விட்டால், பிறகு யாருக்காக ஐயா வைக்கோல்?