கீரைப் பாத்தி வேண்டாம்

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நம்மூர்க் குப்பைமேட்டை அள்ளி முடித்துவிட்டார்கள், அங்கே பிள்ளைகளுக்குத் திடலும் மகளிர் குழுவுக்குக் கீரைத் தோட்டமும் போடலாம் என்று பகுதி சபையில் பேசுகிறார்கள் என எழுதியிருந்தாய். திடலைக் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம். கீரை வேண்டவே வேண்டாம்டா.

இங்கே பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள்ளேயே பல வருஷமாகக் குப்பை கொட்டினார்கள். 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்து, நாள்கணக்கில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அதே வருஷம் சதுப்புநிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது, கேட்டுக்கோ! அங்கே பயோமைனிங்கும் தொடங்கினார்கள். பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காயவைத்து, சுழலும் சல்லடையில் சலிப்பார்கள். பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். கல்லும் கட்டட இடிபாடும் பள்ளம் நிரப்ப. மிச்சம் விழும் மண் கறுப்பாக, தொழுவுரம் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட் டப்பா எல்லாவற்றோடும் கலந்து கிடந்த மண் அது. ஈயமும் காட்மியமும் எத்தனை வருஷமானாலும் மக்காது. கீரை அவற்றை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும்.

மேடு போனாலும் அடித்தரை அப்படியே இருக்கிறது. மழைக்கு மழை குப்பையிலிருந்து வடிந்த கருஞ்சாறு அதற்குள் இறங்கியிருக்கும். ஒப்பந்தக்காரர் இத்தனை டன் அள்ளினேன் என்று கணக்குக் காட்டுவார், காசும் டன்னுக்குத்தானே. தரையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை. நீ கேள். வெவ்வேறு ஆழத்தில் மண் எடுத்துச் சோதித்தார்களா? சுற்றுவட்டார வீடுகளின் போர்த் தண்ணீரைப் பார்த்தார்களா? சலித்த மண்ணை யார் வயலில் கொட்டினார்கள்?

சோதனையில் கோளாறு தெரிந்தால், சுத்தமான களிமண்ணை மேலே கனமாகப் பரப்பி, வேம்பு, புங்கன், பூவரசு வைக்கட்டும். தாழ்ந்த ஓரத்தில் வெட்டிவேர் நடலாம், கசிவை ஓரளவு பிடிக்கும். காய்கனி மரம் வேண்டாம். உலோகத்தைச் செடி வைத்து எடுப்பதற்குப் பல வருஷம் ஆகும். அதற்குள் தலைவரே மாறிவிடுவார்.

இன்னொன்று. இன்று காலை நம் தெருவில் அள்ளிய குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது? தரம் பிரிக்காமல் லாரியில் ஏற்றுகிறார்கள் என்றால் வேறெங்கோ புது மேடு வளர்கிறது.

கூட்டத்துக்கு முன்பே சோதனை அறிக்கையை எழுத்தில் கேள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா