329-க்கு பதக்கம் இல்லை... 317-க்கு தங்கம்!

வேலூர்க் கோட்டை, ராணிப்பேட்டை தோல், ஆம்பூர் பிரியாணி... இந்தப் பக்கத்து அடையாளங்களில் இன்னொன்றும் உண்டு. பளுதூக்குதல்!

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். ராணுவத்தில் இருந்த அப்பாவும் பளுதூக்கும் வீரர்தான். 77 கிலோ பிரிவில் சதீஷ், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒரு கிலோ கூடுதலாக, 329. ஆனால், கிடைத்தது 11-வது இடம். அங்கே தங்கத்துக்குத் தேவைப்பட்டது 379!

அடுத்து வந்தது சோதனை. தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடையில் காயம். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் பதக்கம் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையே அவருக்குப் போய்விட்டது. முழு உடற்தகுதி இல்லாமல்தான் மேடை ஏறினார்.

ஸ்னாட்ச்சில் சதீஷ் 144. இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145 தூக்கி முந்தினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் சதீஷ் 173 தூக்க, ஆலிவரோ 171 கிலோவில் இரண்டு முறை தோற்றார். சதீஷின் மொத்தம் 317. நான்கு வருடங்களுக்கு முன்பைவிட 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம்!

பலத்தைக் காட்டும் விளையாட்டுகளில் எண்கள் ஏறிக்கொண்டே போவதில்லை. ஆண்கள் சங்கிலிக் குண்டு எறிதலில், 1986-ல் யூரி செடிக் எறிந்த 86.74 மீட்டரை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ரியோவில் 78.68 மீட்டருக்கே தங்கம் கிடைத்தது.

போன பரீட்சையைவிட மார்க் குறைந்த பிள்ளையிடம் கோபப்படும் முன், 'உடம்புக்கு முடியலையா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாமே!